‘இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்சஸ்’: விலையோடு வரும் வரி ஆங்கிலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பு உறையைத் திருப்பிப் பார்த்தால் ‘எம்.ஆர்.பி. ரூ. 40, இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்சஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். எண்ணெய், பிஸ்கட், சட்டை, மின்விசிறி என்று பொட்டலமாக வரும் எல்லாவற்றிலும் இதே நான்கு சொற்கள். படித்துப் பழகிப்போனதால் இதன் கனம் யாருக்கும் தெரிவதில்லை. பில் போடும் இடத்திலோ கொட்டேஷன் அனுப்பிய பிறகோதான் தகராறு கிளம்புகிறது. கடை வைத்திருப்பவர்கள், கொட்டேஷன் எழுதுபவர்கள், பொருள் வாங்குபவர்கள் மாறி மாறிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

இந்தத் தொடர் சரியாக என்ன சொல்கிறது?

அச்சிட்ட எண்ணுக்குள் எல்லா வரியும் அடங்கிவிட்டது என்கிறது. அதற்கு மேல் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது. எம்.ஆர்.பி.யில் உள்ள ‘எம்’ மேக்சிமம், அதாவது உச்சவரம்பு. அதைவிடக் குறைத்து விற்கத் தடை கிடையாது. ‘எம்.ஆர்.பி. போட்டிருக்கு, குறைக்க முடியாதுங்க’ என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய விருப்பம். சட்டத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை.

இந்த வாசகம் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளிலிருந்து வருகிறது. நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எழுதியது இல்லை.

‘இன்க்ளூசிவ் டாக்ஸ்’, ‘இன்க்ளூடிங் ஆஃப் டாக்ஸ்’, ‘இன்க்ளூசிவ் வித் ஜி.எஸ்.டி.’ இவற்றில் எது சரி?

மூன்றுமே தவறு. ஆனால் மூன்றையும் கடைத்தெருவில் நாள்தோறும் பார்க்கலாம்.

‘இன்க்ளூசிவ்’ என்று தொடங்கினால் அடுத்து ‘ஆஃப்’ வர வேண்டும்: ‘இன்க்ளூசிவ் ஆஃப் ஜி.எஸ்.டி.’ ‘இன்க்ளூடிங்’ என்று தொடங்கினால் ‘ஆஃப்’ கூடாது, வரியின் பெயர் நேரடியாக வரும்: ‘இன்க்ளூடிங் ஜி.எஸ்.டி.’ இந்த இரண்டும் கலந்துதான் ‘இன்க்ளூடிங் ஆஃப்’ பிறக்கிறது. ‘வித்’ எப்படி வந்தது என்று யோசித்தால், நாம் மனசுக்குள் ‘வரியோடு சேர்த்து’ என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த ‘ஓடு’தான் ஆங்கிலத்தில் ‘வித்’ ஆகிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான். ‘எக்ஸ்க்ளூசிவ் ஆஃப் ஜி.எஸ்.டி.’ சரி, ‘எக்ஸ்க்ளூடிங் ஜி.எஸ்.டி.’ சரி, ‘எக்ஸ்க்ளூடிங் ஆஃப்’ தவறு. பலகையில் இடமில்லை என்றால் ‘ஜி.எஸ்.டி. இன்க்ளூடட்’ என்று முடித்துவிடலாம். அதில் இலக்கணக் குறை ஒன்றுமில்லை.

‘டாக்ஸ்’ என்று ஒருமையில் போடாமல் ‘டாக்சஸ்’ என்று பன்மையில் போடுவது ஏன்?

ஒரு காலத்தில் ஒரே பொருளின் மேல் பல வரிகள் இருந்தன. தொழிற்சாலையில் கலால் வரி, மாநிலம் தாண்டினால் மத்திய விற்பனை வரி, மாநிலத்துக்குள் விற்பனை வரி. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் அந்த விற்பனை வரியின் இடத்துக்கு மதிப்புக் கூட்டு வரி வந்தது. சில மாநிலங்களில் நகர எல்லையில் ஆக்ட்ராய் என்று ஒன்று வேறு.

1990-க்கு முன்னால் உறைகளில் ‘லோக்கல் டாக்சஸ் எக்ஸ்ட்ரா’ என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளூர் வரி தனி என்று பொருள். அது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது, கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. ஒன்றேகால் ரூபாய்ப் பொருளுக்கு ஒன்றரை வாங்கிவிட்டு ‘டாக்ஸ்’ என்று சொன்னால் யார் போய்ச் சரிபார்ப்பது? அந்த ஓட்டையை அடைக்கத்தான் எல்லா வரியும் உட்பட ஒரே எண் என்ற முறை வந்தது. ‘ஆல்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இருக்கிறது. ‘இது வேற டாக்ஸ்’ என்று பின்னால் ஒன்றைக் கொண்டுவர முடியாமல் தடுப்பது அதுதான்.

2017 ஜூலை 1-க்குப் பிறகு பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. மட்டும்தான். ஆனாலும் மாநிலத்துக்குள் விற்றால் அது மத்திய, மாநிலப் பங்குகளாக இரண்டாகப் பிரிந்தே பில்லில் வருகிறது. பன்மை இன்னும் பொருந்துகிறது.

‘டாக்ஸ் ஃபார் சோப்’ என்று எழுதலாமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் வரி ஒரு பொருளின் ‘மேல்’ விழுகிறது: ‘டாக்ஸ் ஆன் சோப்’, ‘ஜி.எஸ்.டி. ஆன் குட்ஸ்’. தமிழில் ‘சோப்புக்கு வரி’ என்று ‘கு’ போட்டுப் பேசுவதால் நமக்கு ‘ஃபார்’ வந்து விழுகிறது. அப்புறம், விகிதத்தைச் சொல்லும்போது ‘அட்’: ‘ஜி.எஸ்.டி. அட் 5 பெர்சென்ட்’. தொகையைச் சொல்லும்போது ‘ஆஃப்’: ‘ஜி.எஸ்.டி. ஆஃப் ருப்பீஸ் 90’. விலக்கு என்றால் ‘எக்ஸெம்ப்ட் ஃப்ரம்’.

தள்ளுபடி விலையின் மேல் ‘ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா’ என்று சேர்க்கிறார்களே, அது சரியா?

இந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஒரு சட்டையின் சீட்டில் எம்.ஆர்.பி. ரூ. 1,000, இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்சஸ். கடை வாசலில் ‘ஃப்ளாட் 40% ஆஃப்’ என்று ஆளுயரப் பலகை. 600 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு போகிறீர்கள். பில்லில் 600-க்குக் கீழே 5 சதவீதம் சேர்த்து 630 என்று நிற்கிறது. கேட்டால் பலகையின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு எறும்பளவில் எழுதியிருக்கும் ‘டாக்சஸ் எக்ஸ்ட்ரா ஆஸ் அப்ளிக்கபிள்’ என்ற வரியைக் காட்டுவார்கள்.

கடைக்காரர் தரப்பு வாதம் இப்படிப் போகும்: எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு, 630 அதற்குள்தானே இருக்கிறது. கேட்கச் சரிபோலத் தோன்றும். ஆனால் 40 சதவீதத் தள்ளுபடி எந்த எண்ணில் கழிக்கப்பட்டது? வரி சேர்ந்த 1,000-இல். அதில் 40 சதவீதம் கழித்தால் மிஞ்சும் 600-க்குள்ளும் வரி இருக்கத்தான் செய்யும். அதன் மேல் மறுபடியும் வரி போட்டால் உண்மையில் கிடைத்த தள்ளுபடி 37 சதவீதம்தான். பலகையில் 37 என்று எழுதியிருந்தால் ஒரு சண்டையும் இல்லை.

மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போனது. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம் என்றிருக்கும்போது, தள்ளுபடி விலையின் மேல் தனியாக வரி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று 2017 தொடக்கத்தில் ஆணையம் சொல்லிவிட்டது. பொடி எழுத்து காப்பாற்றவில்லை.

கடைக்காரர்களுக்கு: தள்ளுபடிப் பலகையில் ‘ப்ரைசஸ் இன்க்ளூசிவ் ஆஃப் ஜி.எஸ்.டி.’ என்று போட்டுவிட்டு, அதற்கேற்பச் சதவீதத்தை முடிவு செய்வதுதான் பாதுகாப்பு.

வரி உட்பட விலை என்கிறார்கள். ஆனால் சூப்பர் மார்க்கெட் பில்லின் அடியில் ஜி.எஸ்.டி. தனியாக இருக்கிறதே?

பில்லை மேலிருந்து கூட்டிப் பாருங்கள். பொருள்களின் விலையைக் கூட்டினால் 462 வருகிறது, கடைசியில் கட்டச் சொன்னதும் 462 என்றால் கவலை இல்லை. அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில் வரி விதிக்கத்தக்க மதிப்பு, மத்தியப் பங்கு, மாநிலப் பங்கு என்று வருவது அந்த 462-க்குள் எவ்வளவு வரி போயிருக்கிறது என்ற பிரித்துக்காட்டல்தான். கூட்டல் 462 வந்து, கேட்டது 485 என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

உட்பட விலையிலிருந்து வரியைப் பிரிப்பது எப்படி?

118 ரூபாயில் 18 சதவீதம் கழித்தால் 100 வராது, 96.76 வரும். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. விலையை விகிதத்தால் பெருக்கி, நூறோடு விகிதத்தைக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். 118 × 18 ÷ 118 = 18. ஒரு பொருள் 100 ரூபாய், வரி 18 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் வரி 15.25, பதினெட்டு இல்லை. ஜி.எஸ்.டி. விதிகளில் 35-ஆவது விதி சொல்வதும் இதே வகுத்தல்தான்.

கொட்டேஷனில் எப்படி எழுதுவது? ‘ப்ளஸ்’, ‘எக்ஸ்ட்ரா’, ‘ஆஸ் அப்ளிக்கபிள்’ எல்லாம் ஒன்றுதானா?

பொருள் ஒன்றுதான், தெளிவில் வித்தியாசம் உண்டு.

‘ருப்பீஸ் 25,000 ப்ளஸ் ஜி.எஸ்.டி. அட் 18 பெர்சென்ட்’ என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாங்குபவர் கட்டப்போவது 29,500. ‘ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா’ என்றாலும் அதே பொருள்தான். ஆனால் விகிதம் சொல்லாமல் விட்டால் எதிராளி 5 என்று நினைத்துக்கொண்டிருப்பார், பில் வந்ததும் முகம் மாறும். ‘டாக்சஸ் ஆஸ் அப்ளிக்கபிள்’ இன்னும் வழுக்கல். வரி தனி என்று நீங்கள் நினைத்து எழுதுகிறீர்கள். உள்ளே சேர்ந்துவிட்டது என்று அவர் படிக்கிறார். அது தனியாக நிற்கக் கூடாது, முன்னால் ‘எக்ஸ்ட்ரா’ வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம், வரியைப் பற்றி ஒன்றுமே எழுதாத கொட்டேஷன். ‘ருப்பீஸ் 25,000’ என்று மட்டும் அனுப்பிவிட்டு, வாங்குபவர் ‘அது உட்படன்னுதான் நெனச்சேன்’ என்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? அந்த 25,000-க்குள்ளேயே வரியை எடுக்க வேண்டி வரும். 18 சதவீதம் என்றால் வரி 3,813.56, உங்கள் கைக்கு 21,186.44. லாபமே பத்து சதவீதம் உள்ள தொழிலில் இது கைநட்டம். ஒரு சொல்லை விட்டதற்கு இந்த விலை.

வரி விகிதம் இடையில் மாறலாம் என்று பயந்தால் ‘ஜி.எஸ்.டி. அட் தி ரேட் ப்ரிவெய்லிங் ஆன் தி டேட் ஆஃப் இன்வாய்ஸ்’ என்று சேர்க்கலாம். பில் தேதியில் எது விகிதமோ அது. நீளம்தான், ஆனால் பிற்பாடு கைகொடுக்கும்.

‘எக்ஸ்-ஷோரூம் ப்ரைஸ்’ என்றால் வரி இல்லாத விலைதானே?

இல்லை. இந்த ‘எக்ஸ்’ எக்ஸ்க்ளூடிங் என்பதன் சுருக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். ‘எக்ஸ்-ஃபேக்டரி’ என்பதில் உள்ள அதே ‘எக்ஸ்’ இது. ஷோரூமிலிருந்து வண்டி வெளியே வரும் நிலையில் உள்ள விலை என்று பொருள். ஜி.எஸ்.டி. அதற்குள் இருக்கிறது. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு மூன்றும் வெளியே. அவற்றையும் சேர்த்தால் ‘ஆன்-ரோடு ப்ரைஸ்’. பைக் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண், கடன் வாங்க வேண்டியது இரண்டாவது எண்ணுக்கு.

நகைக்கடைப் பலகையில் இருக்கும் கிராம் விலையில் வரி உண்டா?

கிடையாது. பலகை விலை வெறும் தங்கத்துக்கு. அதன் மேல் சேதாரம், செய்கூலி. எல்லாம் கூட்டிய தொகையின் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. தங்க மதிப்பு 80,000, சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து 10,000 என்றால், 90,000-க்கு வரி 2,700. ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று விளம்பரம் பாடினாலும் வரி போகாது. சீட்டில் ‘ப்ளஸ் ஜி.எஸ்.டி.’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

‘பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனி’ என்கிறார்களே?

எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருளுக்கு இந்தப் பேச்சே செல்லாது. பில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வரி அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பதிவு செய்யாத கடையோ, சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் உள்ள கடையோ வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே முடியாது. காம்போசிஷன் கடையின் பில் தலைப்பில், தங்களுக்கு வரி வசூலிக்கும் தகுதியில்லை என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். அதைத் தலையில் அச்சடித்துவிட்டு அடியில் 5 சதவீதம் சேர்க்கும் பில்கள் ஊரில் உலவுகின்றன என்பதுதான் வேடிக்கை.

அரிசி மூட்டை 26 கிலோவில் வருவதற்கும் இந்த ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 2022 ஜூலை 18 வரை அரிசிக்கு வரியா இல்லையா என்பதை ‘பிராண்டட்’ என்ற சொல் தீர்மானித்தது. அன்று முதல் அந்த இடத்தில் ‘ப்ரீ-பேக்கேஜ்டு அண்ட் லேபிள்டு’ என்ற தொடர் வந்தது. முன்கூட்டியே பொட்டலமிட்டு, விவரச்சீட்டு ஒட்டிய, 25 கிலோவுக்கு மேற்படாத சிப்பம் என்றால் 5 சதவீதம். 25-ஐத் தாண்டினால் இல்லை. வியாபாரிகள் ஒரு கிலோ கூட்டி 26 கிலோ சிப்பமாகக் கட்டத் தொடங்கினார்கள். மூட்டையைத் திறந்து கடையில் நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் வரி இல்லை. ‘லேபிள்டு’ என்பது வெறும் பெயர் எழுதியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடையளவுச் சட்டம் கேட்கும் விவரங்கள் பொதிந்த சிப்பம் என்பதுதான் அங்கே பொருள்.

‘எக்ஸெம்ப்ட்’, ‘நில் ரேட்டட்’, ‘ஜீரோ ரேட்டட்’ மூன்றும் ஒன்றா?

வாங்குபவருக்கு ஒன்றுதான், வரி கட்ட வேண்டாம். கணக்கு எழுதுபவருக்கு வேறு வேறு. ‘நில் ரேட்டட்’ என்றால் பட்டியலில் விகிதமே பூஜ்யம். ‘எக்ஸெம்ப்ட்’ என்றால் அறிவிக்கை போட்டு விலக்கியது. ‘ஜீரோ ரேட்டட்’ ஏற்றுமதிக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு அனுப்புவதற்கும் மட்டும் உரியது. அதில் உள்ளீட்டு வரியை, அதாவது மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம், மற்ற இரண்டில் முடியாது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர் பில்லில் ‘எக்ஸெம்ப்ட்’ என்று எழுதிவிட்டால், கேட்டு வாங்க வேண்டிய பணத்தைத் தானே வேண்டாமென்று சொன்ன மாதிரி. பெட்ரோல், டீசல், மது ஆகியவை மேற்சொன்ன மூன்று வகையிலும் சேராது. அவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே, பழைய வரிகளிலேயே இருக்கின்றன.

ஓட்டலில் தண்ணீர்ப் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாமா?

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வெறும் பாட்டில் விற்கவில்லை, இருக்கை, பரிமாறல் எல்லாம் சேர்ந்த சேவை என்பது காரணம். பெட்டிக்கடைக்கும் பேருந்து நிலையக் கடைக்கும் இது பொருந்தாது. ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு ரூபாய் கேட்பவருக்கு இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது.

சிங்கப்பூர் உணவகங்களில் விலைக்குப் பின்னால் ‘++’ என்று இருக்கிறதே?

‘ப்ளஸ் ப்ளஸ்’ என்று படிக்க வேண்டும். முதல் ப்ளஸ் சேவைக் கட்டணம், வழக்கமாக 10 சதவீதம். இரண்டாவது ஜி.எஸ்.டி., 2024 ஜனவரி முதல் அங்கே 9 சதவீதம். இரண்டையும் கூட்டி 19 என்று போடக் கூடாது. சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி. 100 வெள்ளி 110 ஆகி, பிறகு 119.90 ஆகும். ‘நெட்’ என்று போட்டிருந்தால் எல்லாம் அடக்கம். மற்ற கடைகளில் வரி உட்பட விலையைத்தான் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அமெரிக்காவில் நேர்மாறு. அலமாரியில் இருப்பது வரி சேராத விலை, கல்லாவில்தான் வரி சேரும். விகிதம் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேறு. ஊரிலிருந்து போன அம்மாக்கள் சில்லறையைச் சரியாக எண்ணி எடுத்துக்கொண்டுபோய் விழிப்பது அங்கேதான்.

‘எம்.ஆர்.பி. ப்ரைஸ்’, ‘ஜி.எஸ்.டி. டாக்ஸ்’, ‘குட்ஸ் அண்ட் சர்வீஸ் டாக்ஸ்’?

முதல் இரண்டிலும் கடைசிச் சொல் ஏற்கெனவே சுருக்கத்துக்குள் இருக்கிறது. பேச்சில் போகட்டும், அச்சில் வேண்டாம். மூன்றாவதில் ‘சர்வீசஸ்’ என்பதே சட்டத்தின் பெயர்.

வரி குறைந்தபோது பழைய எம்.ஆர்.பி. மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்களே, எந்த எண் செல்லும்?

2025 செப்டம்பர் 22 அன்று பல விகிதங்கள் மாறின. தலைக்கு வைக்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை எல்லாம் 18-இலிருந்து 5-க்கு இறங்கின. 118 ரூபாய் எண்ணெய்க்கு வரி நீக்கிய மதிப்பு 100 என்பதால் புது விலை 105 ஆக வேண்டும். கையிருப்புச் சரக்கில் திருத்திய விலையை ஒட்டவோ முத்திரையிடவோ அனுமதி கொடுத்தார்கள், பழைய எண் மறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. இரண்டு எண் தெரிந்தால் குறைந்ததைத்தான் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கரில் எண் கூடியிருந்தால், அதாவது 118-ன் மேல் 125 ஒட்டியிருந்தால், அது வேறு கதை, புகார் கொடுக்கலாம்.

எங்கே புகார் சொல்வது?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை என்பதால் மாவட்டத்தில் உள்ள அதன் அலுவலகத்திலும் கொடுக்கலாம். பில்லும் உறையும் இரண்டும் கையில் இருக்கட்டும். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டால் எம்.ஆர்.பி. எவ்வளவு என்று காட்ட வழியிருக்காது.